டிஸ்க் கெடவில்லை, டிரைவர்தான் இல்லை!
இரண்டாவது ஆபரேட்டிங் சிஸ்டம் பதிப்பவர்கள் கவனத்திற்கு

2008-ஆம் ஆண்டில் என் முதல் லேப்டாப்பை வாங்கினேன். அதில் விண்டோஸ் விஸ்டா இருந்தது. அலுவலகத்தில் பயன்படுத்திய கணக்கு சாஃப்ட்வேர் விஸ்டாவில் ஓட மறுத்தது. எனவே விஸ்டாவை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே எக்ஸ்பியையும் பதிந்துவிடலாம் என்று நினைத்தேன். பார்ட்டிஷன் பிரித்தாயிற்று. எக்ஸ்பி சிடியைப் போட்டு பூட் செய்தேன். ஃபைல்கள் வரிசையாக லோட் ஆயின. பிறகு நீலத்திரை! கடைசியில் 7பி என்று முடியும் ஒரு பிழை எண்.

யாரோ சொன்னார்கள் என்று பயாஸில் நுழைந்து, சாட்டா மோட் என்ற வரியை ஏஎச்சிஐ-யில் இருந்து கம்பேட்டிபிள் என்று மாற்றினேன். எக்ஸ்பி பதிவானது. ஆனால் விஸ்டாவைக் காணோம். பதறிப்போய் பயாஸில் பழையபடி மாற்றினேன். இப்போது எக்ஸ்பியும் நீலத்திரை காட்டியது. ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, இருந்த பார்ட்டிஷன்களை எல்லாம் நீக்கிவிட்டு ஃபார்மட் செய்தேன். டி டிரைவில் என் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் இருந்தன. கேமராவின் மெமரி கார்டை ஒரு வாரம் முன்புதான் காலி செய்திருந்தேன்.

அந்த ஹார்ட் டிஸ்க் அதற்குப் பிறகு நான்கு வருடம் நன்றாகவே ஓடியது. அதில் ஒரு கோளாறும் இருந்திருக்கவில்லை.

இந்தப் பழங்கதையை இப்போது சொல்லக் காரணம் உண்டு. எக்ஸ்பிக்கு 2014-லும் விஸ்டாவுக்கு 2017-லும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பிழை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. 2023-ல் என் அக்கா மகன் திருச்சியில் இருந்து போன் செய்தான். "மாமா, லேப்டாப் போச்சு. கடையில் காட்டினேன். விண்டோஸ் கரப்ட், ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும், டேட்டா கிடைக்காதுன்னு சொல்றாங்க. புராஜெக்ட் முழுக்க அதுலதான் இருக்கு." இறுதியாண்டு புராஜெக்ட். வேறு எங்கும் காப்பி இல்லை.

திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். சோக முகம் ஒன்று, கீழே 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்றான். எண்ணால் சொன்னால் இதுவும் அதே 7பி-தான்!

"கடைசியாக என்ன மாற்றினாய்?" என்றேன். ஒன்றும் மாற்றவில்லை என்றான். இரண்டு முறை கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. கல்லூரிப் பாடத்திற்காக உபுண்டு பதிய முயன்றிருக்கிறான். 'ஆர்எஸ்டியை நிறுத்தினால்தான் பதிய முடியும்' என்று உபுண்டு சொல்லியிருக்கிறது. பயாஸில் போய் ஆர்எஸ்டி என்பதை ஏஎச்சிஐ என்று மாற்றியிருக்கிறான். பிறகு பயந்துபோய் பென் டிரைவை எடுத்துவிட்டு விண்டோஸைத் திறந்திருக்கிறான். நீலத்திரை வந்துவிட்டது.

"அதைப் பழையபடி ஆர்எஸ்டி என்று மாற்றி சேவ் செய்" என்றேன். செய்தான். விண்டோஸ் எதுவும் நடக்காதது போல் வந்து நின்றது. அவனுக்குப் பேச்சே வரவில்லை. எனக்கும்தான், காரணம் வேறு.

ஏன் இப்படி நடக்கிறது?

டிரைவர் என்பது ஒரு கருவியுடன் எப்படிப் பேசுவது என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திற்குச் சொல்லித்தரும் சிறிய புரோகிராம். பிரிண்டருக்கான டிரைவர் இல்லையென்றால் பிரிண்ட் வராது, அவ்வளவுதான். டிஸ்க்கை இயக்கும் கன்ட்ரோலருக்கான டிரைவர் இல்லையென்றால் விண்டோஸே எழுந்திருக்க முடியாது. அது குடியிருப்பதே அந்த டிஸ்க்கில்தானே! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

பயாஸில் உள்ள அந்த ஒரு வரி, டிஸ்க் எந்த வழியில் பேச வேண்டும் என்று தீர்மானிக்கிறது. ஏஎச்சிஐ என்பது பொதுவான வழி. ஆர்எஸ்டி என்பது இன்டெல் நிறுவனத்தின் ரேப்பிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி. சில லேப்டாப்களில் இது 'ரெய்டு' என்ற பெயரில் இருக்கும். விண்டோஸ் பதியப்படும்போது எந்த வழி இருந்ததோ அதற்கான டிரைவரை மட்டும் பூட் ஆகும்போதே எழுப்பும்படி குறித்துக்கொள்கிறது. மற்ற டிரைவர்கள் உள்ளே இருந்தாலும் தூங்கும். நீங்கள் வழியை மாற்றினால், எழுந்திருக்க வேண்டிய டிரைவர் எழாது. எக்ஸ்பி சிடியிலோ ஏஎச்சிஐ டிரைவரே கிடையாது. அதைக் கொடுக்க, செட்டப் தொடங்கும்போது எஃப்6 கீயைத் தட்டி ஃப்ளாப்பி டிஸ்க்கைச் செருக வேண்டும். என் லேப்டாப்பில் ஃப்ளாப்பி டிரைவே இல்லை!

ஆக, இரண்டாவது ஆபரேட்டிங் சிஸ்டம் பதியும்போது டிஸ்க் தெரியவில்லை என்றாலோ, இந்தப் பிழை வந்தாலோ, முதலில் டிரைவரைச் சந்தேகப்படுங்கள். பயாஸில் கடைசியாக மாற்றியதைப் பழையபடி ஆக்கிப் பாருங்கள். அதற்கு முன் ஃபார்மட் என்ற பேச்சுக்கே இடம் தராதீர்கள், சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும்.

பதியும் முன் செய்ய வேண்டியவை

அடுத்த வாரமே திருச்சிக்குப் போனேன். முதல் வேலையாக புராஜெக்டையும் படங்களையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்தோம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது வேலை எதிர்பாராமல் நேரம் பிடித்தது. நீலத்திரை வந்த அன்று, இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் ஆன பிறகு விண்டோஸ் தானே ரிப்பேர் செய்ய முயன்று, 48 இலக்க ரெகவரி கீ ஒன்றைக் கேட்டிருக்கிறது. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. இதற்கு டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். அதன் சாவிதான் இந்த 48 இலக்கங்கள். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். பிரவுசரில் கணக்கைத் திறந்து டிவைசஸ் பகுதிக்குப் போனால் பார்க்கலாம். பயாஸில் கைவைத்தால் சில லேப்டாப்கள் நேரடியாகவே இதைக் கேட்கும். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது.

சரி, கணக்கு எது? அவனுக்குத் தெரியவில்லை! லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரர்தான் எல்லாம் செய்து கொடுத்தாராம். தினமும் நான்கு இலக்க பின் எண்ணைப் போட்டே உள்ளே போய்ப் பழகிவிட்டான். கடைசியில் அக்கா பீரோவில் பத்திரமாக வைத்திருந்த பில்லை எடுத்து வந்தார். அதன் பின்பக்கத்தில் ஒரு இமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் இன்றைக்கே பாருங்கள்: உங்கள் விண்டோஸ் எந்தக் கணக்கில் ஓடுகிறது? அதன் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறதா? அந்த 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே ஒரு ஃபைலாக வைத்தால் பயனில்லை.

சாவியை எழுதிய பிறகு, செட்டிங்ஸ் சென்று பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் செய்தோம். பூட்டு முழுவதும் திறக்கச் சிறிது நேரம் ஆகும், முடியும்வரை காத்திருக்கவும். உங்கள் லேப்டாப்பில் இந்த வரியே இல்லையென்றால், அதில் இந்த வசதி இல்லாமல் இருக்கலாம்.

மூன்றாவதாக, பயாஸில் உள்ள பக்கங்களை எல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டோம். 2008-ல் நான் இதைச் செய்திருந்தால் மகளின் படங்கள் இருந்திருக்கும்.

பாதுகாப்பாக மாற்றும் வழி

தூங்கும் டிரைவரை எழுப்ப ஒரு எளிய வழி சேஃப் மோட். அந்த மோடில் பூட் ஆகும்போது விண்டோஸ், தன்னிடம் உள்ள பொதுவான டிஸ்க் டிரைவர்களையும் எழுப்பிப் பார்க்கும். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயைத் தட்டி, வரும் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். பூட் டேபில் சேஃப் பூட் என்பதை டிக் செய்து, மினிமல் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ரீஸ்டார்ட் ஆகும்போது விண்டோஸுக்குள் போக விடாமல், உடனே பயாஸ் கீயைத் தட்டவும் (எங்கள் லேப்டாப்பில் எஃப்2, உங்களுடையதில் வேறாக இருக்கலாம்). அங்கே ஆர்எஸ்டியை ஏஎச்சிஐ என்று மாற்றி சேவ் செய்யவும். இப்போது விண்டோஸ் கறுப்புப் பின்னணியுடன், நான்கு மூலைகளிலும் சேஃப் மோட் என்ற எழுத்துகளுடன் வரும். மீண்டும் எம்எஸ்கான்ஃபிக் சென்று அந்த டிக்கை எடுத்துவிடவும். மறந்தால் ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே திறக்கும். ரீஸ்டார்ட் செய்தால் வழக்கமான விண்டோஸ் கிடைக்கும், புதிய டிரைவருடன்.

இதில் ஒரு வில்லங்கம். சேஃப் மோடில் பின் எண் சில நேரம் வேலை செய்யாது, பாஸ்வேர்டு கேட்கும். எனவே தொடங்கும் முன் ஒருமுறை பாஸ்வேர்டைப் போட்டே உள்ளே போய்ப் பாருங்கள். இன்னொன்று: லேப்டாப்பில் ஆப்டேன் மெமரியும் ஹார்ட் டிஸ்க்கும் ஜோடியாக வேலை செய்தாலோ, இரண்டு டிஸ்க்குகள் ரெய்டாக இணைக்கப்பட்டிருந்தாலோ இந்த வரியைத் தொடாதீர்கள். ஆப்டேனை விண்டோஸிலேயே முறைப்படி நிறுத்திய பிறகுதான் தொட வேண்டும்.

அதன்பின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் வால்யூம் மூலம் 60 ஜிபி இடம் ஒதுக்கினோம். உபுண்டு குறைந்தது 25 ஜிபி கேட்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்தோம். இது ஆனில் இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். அந்த டிரைவில் லினக்ஸ் எதையும் எழுத முடியாது.

பென் டிரைவில் இருந்து பூட் செய்து, முதலில் 'டிரை உபுண்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தோம். டிஸ்க்கில் எதையும் பதியாமலே வைஃபை, சவுண்ட், டச்பேட் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடலாம். பதியும்போது 'விண்டோஸுடன் சேர்த்து' என்ற பொருள் தரும் வரியைத் தேர்ந்தெடுக்கவும். 'எரேஸ் டிஸ்க்' என்ற வரி அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். அவசரப்படாமல் படியுங்கள்.

வைஃபை வரவில்லை என்றால்

எங்களுக்கு வரவில்லை. டிரைவரை இன்டர்நெட்டில் இருந்து இறக்க வேண்டும்; இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும். மறுபடியும் பெட்டிச் சாவி கதை! இதற்கு ஆண்ட்ராய்டு போன் போதும். போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, போன் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யவும். உபுண்டுவில் இதற்குத் தனி டிரைவர் தேவையில்லை. லேன் கேபிள் செருகியது போல நெட் கிடைக்கும். பிறகு சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ் புரோகிராமில் அடிஷனல் டிரைவர்ஸ் டேபைத் திறந்தால், உங்கள் கார்டுக்கு ஏற்ற டிரைவர் இருந்தால் பட்டியலில் காட்டும்.

தேர்ந்தெடுத்து பதிந்தோம். அப்போது ஒரு பாஸ்வேர்டை உருவாக்கச் சொன்னது. ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு நீல மெனு வந்தது. பையன் அலறிவிட்டான். இது பழைய நீலத்திரை இல்லை. செக்யூர் பூட் ஆனில் இருப்பதால், வெளியில் இருந்து வந்த டிரைவரை நம்பலாமா என்று கேட்கிறது. என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து, சற்று முன் உருவாக்கிய பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பத்து விநாடிகள்தான் காத்திருக்கும். தவறவிட்டால் உபுண்டு வரும். டிரைவர் பதிந்திருந்தும் வைஃபை வராது. நாங்கள் முதல் முறை தவறவிட்டோம். பதிவை மறுபடி செய்து இரண்டாம் முறை பிடித்தோம்.

விண்டோஸையே பதிபவர்களுக்கு

2020-க்குப் பின் வந்த பல இன்டெல் லேப்டாப்களில் விஎம்டி என்ற வசதி ஆனில் இருக்கும். இதில் விண்டோஸ் செட்டப்பே 'டிரைவ் எதுவும் இல்லை' என்று சொல்லலாம். உங்கள் மாடலுக்கான சப்போர்ட் பக்கத்தில் இருந்து ஆர்எஸ்டி அல்லது விஎம்டி டிரைவரை இன்னொரு கம்ப்யூட்டரில் இறக்கி, விரித்து, அந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் போடவும். செட்டப்பில் லோட் டிரைவர் என்பதை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் தெரியும். இஎக்ஸ்இ ஃபைலை அப்படியே வைத்தால் ஏற்காது. ஐஎன்எஃப் ஃபைல் உள்ள ஃபோல்டர்தான் வேண்டும். அந்த ஃபோல்டரின் பெயரை உற்றுப் பாருங்கள். பலவற்றில் இன்னும் எஃப்6 என்றும், ஃப்ளாப்பி என்பதன் சுருக்கமும் இருக்கும்!

திருச்சி லேப்டாப் இப்போது இரண்டு சிஸ்டங்களிலும் ஓடுகிறது. உபுண்டுவில் கைரேகை ரீடர் மட்டும் வேலை செய்யவில்லை. அதற்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்கவில்லை. பாஸ்வேர்டை டைப் செய்துதான் உள்ளே போகிறான். பில்லை அக்கா திரும்பவும் பீரோவில் வைத்துவிட்டார். அந்த 48 இலக்கங்களும் அதன் பின்பக்கத்திலேயே இருக்கின்றன.