பருப்பு விற்ற கையில் பத்திரம்!

ரேடியோவைத் தவணையில் விற்கலாம் என்றால் பூமியை விற்கக் கூடாதா? வி.ஜி.பன்னீர்தாஸ் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். சென்னையில் கடிகாரம், ரேடியோ என்று தவணைக்குக் கொடுத்துப் பழகிய வி.ஜி.பி., பிறகு வீட்டுமனைக்கும் இறங்கியது. சரக்கு மாறியதே தவிர, மாசாமாசம் பணம் கட்டியது அதே நடுத்தர வர்க்கம்தான்!

செய்யாற்றங்கரையில் இருக்கும் கலசப்பாக்கத்திலும் ஒருவர் கட்சி மாறியிருக்கிறார். மளிகைக் கடையிலிருந்து மனை வியாபாரத்துக்கு. (பெயர் வேண்டாமாம். கடன் பாக்கிக்காரர்கள் உஷாராகி விடுவார்களாம்!)

‘‘எது சார் லாபம்?’’ என்றேன். பி.காம். படித்தவன் வேறென்ன கேட்பேன்?

‘‘பருப்புல கிலோவுக்கு ரெண்டு ரூபா நின்னா பெருசு. ஆனா, தினம் கல்லா நிறையும். மனை ஒண்ணு முடிஞ்சா கமிஷன் மொத்தமா வரும். எப்ப முடியும்னு ஜவ்வாது மலை சாமியைத்தான் கேக்கணும்!’’

வாய்ச் சாமர்த்தியம் இருந்தால் போதும் என்ற காலம் மலையேறிவிட்டது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. கூடவே ‘ரெரா’வும். 500 சதுர மீட்டரைத் தாண்டிய லே-அவுட் என்றால் பதிவு வேண்டும். விற்கிற ஏஜென்ட்டும் பதிந்திருக்க வேண்டும்.

நம்மவருக்குச் சோதனை வேறு ரூபத்தில் வந்தது. பல வருஷ வாடிக்கைக்காரர் ஒருவர், ‘‘ஏரியோரம் நம்ம இடம், முடிச்சுக் குடுப்பா’’ என்று வந்திருக்கிறார். வாங்க வந்ததும் கடைக்குத் தெரிந்த அக்காதான். கணவர் போன பிறகு கிடைத்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வில்லங்கச் சான்றில் ஒன்றுமே இல்லை.

‘‘அதான் சார் எனக்கு இடிச்சுது!’’

பதிவான பத்திரம் இருந்தால்தானே வில்லங்கத்தில் ஏறும்? யாருமே பதியாத புறம்போக்குக்கும் அது சுத்தமாகத்தான் வரும். வி.ஏ.ஓ. ஆபீஸில் ‘அ’ பதிவேட்டைப் புரட்டினால்... ஏரிப் புறம்போக்கு!

‘‘பருப்புல வண்டு இருந்தா மாத்திக் குடுத்துடலாம். இதை எங்க போயி மாத்துவேன்? ‘வேணாங்க்கா’ன்னுட்டேன்.’’

கமிஷன் போச்சு. விற்க வந்தவர் இப்போது மளிகையும் எதிர்க் கடையில்தான் வாங்குகிறார். அக்காவுக்கு இன்னும் மனை அமையவில்லை. பணம் போஸ்ட் ஆபீஸில் இருக்கிறது.

நல்லவேளை, பழைய கடையை இவர் மூடவில்லை. மனைவி பார்த்துக்கொள்கிறார்.

‘‘போன மாசம் எத்தனை மனை முடிச்சீங்க?’’

பதில் கல்லாப் பக்கமிருந்து வந்தது: ‘‘நாலு பேருக்கு டீ வாங்கிக் குடுத்தாரு!’’