பில்லில் மாறியது, காரில் மாறவில்லை! ஏ.சி.க்குள் ஒளிந்திருக்கும் அழுக்கு மூட்டை

சென்னையில் கார் வைத்திருக்கும் பலரோடு தினமும் ஒரு அழுக்கு மூட்டையும் சேர்ந்து ஊர்வலம் வருகிறது. டிக்கியில் அல்ல, சீட்டுக்கு அடியிலும் அல்ல. முகத்துக்கு நேரே, டேஷ்போர்டுக்கு உள்ளே!

"கேபின் பில்டர்" என்பது அதன் பெயர். "ஏ.சி. பில்டர்" என்றால்தான் ஒர்க்‌ஷாப்பில் சட்டென்று புரியும். அப்பளக்கட்டு அகலத்தில், விசிறி மடிப்பு மடித்த வெள்ளைத் துணி போன்ற ஒரு சாமான். காருக்குள் வரும் காற்று இதன் வழியாக வடிகட்டப்பட்டுத்தான் மூக்குக்கு வர வேண்டும்.

புதிதாக இருக்கும்போது வெள்ளை வெளேர் என்று இருக்கும். இரண்டு வருஷம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் கன்னங்கரேல்! காய்ந்த வேப்பம்பூ, இலைச் சருகு, செத்த பூச்சி, தலைமுடி, சில வண்டிகளில் எலிப்புழுக்கை. அத்தனையும் தாண்டி வந்த காற்றைத்தான் பின் சீட்டில் குழந்தை சுவாசித்துக்கொண்டு வந்திருக்கிறது!

என்ஜினுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று

"ஏர் பில்டர் மாத்தியாச்சே சார், பில்லுல இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். அது வேறு, இது வேறு. பானெட்டைத் திறந்தால் தெரிவது என்ஜின் குடிக்கும் காற்றுக்கான பில்டர். அதைத் தவறாமல் மாற்றுகிறார்கள். ஆள் குடிக்கும் காற்றுக்கான பில்டரைத்தான் மறந்துவிடுகிறார்கள். இரும்புக்கு இருக்கும் மரியாதை மனுஷனுக்கு இல்லை!

அம்பாசடர், பியட் காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. முன் கதவில் முக்கோணக் கண்ணாடி ஒன்று இருக்கும். அதைத் திருப்பிவிட்டால் காற்று பிய்த்துக்கொண்டு வரும், தூசியோடுதான்! அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. இன்றைய கார்களில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போடுவதே வழக்கம். ஆகவே உள்ளே வரும் காற்றுக்குக் காவல்காரன் இந்த மடிப்புத் துணி ஒன்றுதான்.

சென்னைத் தூசி லேசுப்பட்டதல்ல. மெட்ரோ ரெயில் இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதன் பிறகு ஆற்காடு ரோட்டிலும் பழைய மகாபலிபுரம் ரோட்டிலும் தோண்டிய மண்ணை அந்தப் பக்கம் போய் வந்தவர்களைக் கேட்டால் தெரியும். 2018 போகி அன்று புகை மூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடின. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு தீப்பிடித்துப் புகைந்தது.

இந்தப் புகையில் மிகப் பொல்லாதது கண்ணுக்கே தெரியாத துகள். இரண்டரை மைக்ரான் அளவும் அதற்குக் கீழும் உள்ளவை. தலைமுடி ஒன்றின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மூக்கு முடிக்கும் அகப்படாமல் நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும். ஒரு கன மீட்டர் காற்றில் இது ஆண்டு சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. நமது நாட்டு விதியில் உள்ள வரம்பு 40!

சாதாரண பில்டர் தூசியையும் மகரந்தத்தையும் நன்றாகப் பிடிக்கும். மிக நுண்ணிய துகளில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். அழுக்கேறி ஓரம் விலகிய பில்டரோ எதையும் பிடிக்காது.

எங்கேதான் ஒளித்து வைத்திருக்கிறார்கள்?

இங்கேதான் வில்லங்கம். பில்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் வேறு.

நல்ல மனதோடு செய்த கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் முன்னால், பேப்பர்களைப் போட்டு வைக்கிறோமே, அந்தப் பெட்டிதான். அதைக் காலி செய்ய வேண்டும். பக்கவாட்டில் ஒரு சின்னக் கயிறோ கம்பியோ பிடித்திருக்கும். அதைக் கழற்ற வேண்டும். பெட்டியின் இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அமுக்கினால் அது தொப்பென்று கீழே தொங்கும். பின்னால் நீளமான ஒரு பிளாஸ்டிக் மூடி. இரண்டு ஓரமும் அழுத்தி இழுத்தால் பில்டர் கைக்கு வந்துவிடும். பத்து நிமிஷ வேலை. ஸ்குரூ டிரைவர் கூட வேண்டாம்.

எல்லாக் கார்களும் அப்படி இல்லையே! சிலவற்றில் பெட்டியை முழுசாகக் கழற்ற ஏழெட்டு ஸ்குரூ. சிலவற்றில் முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பர் தண்டு இருக்கும் பிளாஸ்டிக் பலகைக்குக் கீழே. சிலவற்றில் கால் வைக்கும் இடத்தில், நடுவே கியர் இருக்கும் மேடையை ஒட்டி, கம்பளத்துக்குப் பின்னால். அங்கே போவதற்கு மெக்கானிக் சீட்டில் தலைகீழாகப் படுத்து, கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைக்க வேண்டும். ஒரு கையில் டார்ச், மறு கையில் ஸ்குரூ டிரைவர். வியர்வை கண்ணில் இறங்கும். சில வெளிநாட்டு மாடல்களில் ஆக்ஸிலேட்டர் மிதியையே கழற்றினால்தான் பில்டர் வெளியே வரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டிசைன் போட்ட புண்ணியவான் ஒரு தடவையாவது கழற்றிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

பில்லில் ஒரு வரி

கஷ்டமான இடத்தில் இருப்பதால் என்ன ஆகிறது? விட்டுவிடுகிறார்கள்! சர்வீசுக்கு வரிசையாக வண்டி நிற்கிறது. யார் படுத்துப் புரள்வது? "ஏ.சி. பில்டர் - 1" என்று பில்லில் ஒரு வரி மட்டும் விழுந்துவிடுகிறது. சொந்தக்காரரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது.

இன்னொரு தந்திரம், காற்றடித்துக் கொடுப்பது. கம்ப்ரசர் குழாயை வைத்து "புஸ்" என்று ஊதினால் மேல் தூசி பறக்கும். பார்க்கப் பரவாயில்லை போல இருக்கும். உள் மடிப்பில் இறங்கிய நுண்தூசி போகாது. வேகமாக அடித்தால் இழையே கிழியும். தண்ணீரில் அலசுவது அதைவிடக் கெடுதல். தூசியை இழுத்துப் பிடிப்பதற்காக இழையில் ஏற்றியிருக்கும் மின்னூட்டம் போய்விடும்; ஈரம் தங்கிப் பூஞ்சையும் பிடிக்கும். பொதுவாக 10 ஆயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு தடவை பார்ப்பதும், 15 முதல் 20 ஆயிரத்துக்குள் மாற்றுவதும் சரி. தூசி ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அதற்கு முன்பே.

நஷ்டம் மூக்கோடு போவதில்லை. பர்சுக்கும் வரும். எந்த ஒர்க்‌ஷாப் வாசலிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்:

"தம்பி, ஏ.சி.யில காத்தே வரலைப்பா. நாலுல வச்சாலும் ஒண்ணுல வச்ச மாதிரிதான் வருது."

"கேஸ் கொறைஞ்சிருக்கும்ணே. ரொப்பிடலாம்."

கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? குழாயில் கசிவு இருந்தால்தான் குறையும். காற்று குளிர்ச்சியாக வந்து, ஆனால் குறைவாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பில்டரை. சில நூறு ரூபாய் சாமானில் முடிகிற வேலைக்குச் சில ஆயிரம் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் அதே புகாரோடு வந்து நிற்கிறார்கள்.

காற்று போக வழி இல்லாவிட்டால் புளோயரை எப்போதும் முழு வேகத்தில் ஓட்ட வேண்டியிருக்கும். அதன் மோட்டாருக்கு ஆகாது. குளிர்க் காயிலில் ஐஸ் கட்டும். மழைக்காலத்தில் இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. முன் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தால் அதைத் துடைப்பது புளோயர் காற்றுதான். பில்டர் அடைத்திருந்தால் அந்தக் காற்றுக்குப் பலம் இல்லை. கத்திப்பாராவில் கொட்டுகிற மழையில் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையில் துணியோடு கண்ணாடியைத் துடைக்கும் டிரைவர்களில் எத்தனை பேர் பில்டரைப் பார்த்திருப்பார்கள்?

வாங்கும்போது ஏமாறாதீர்கள்

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பில்டர் இரண்டு ரகமாகக் கிடைக்கும். வெள்ளை ஒன்று; சாம்பல் நிறத்தில் கரித்தூள் சேர்த்த "கார்பன்" பில்டர் ஒன்று. வெள்ளை தூசியைப் பிடிக்கும். கார்பன் ரகம் கூவம் வாடை, டீசல் புகை நாற்றம் போன்றவற்றையும் குறைக்கும். விலை அதிகம். 2015-ல் அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி ராட்சத பில்டரைப் பொருத்தி, "உயிரியல் ஆயுதத் தாக்குதலையே தடுக்கும்" என்கிற ரீதியில் அதற்குப் பெயரும் வைத்து விற்றது. நம் ஊருக்கு அவ்வளவு வேண்டாம். மாடலுக்குச் சரியான அளவு இருந்தால் போதும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவை எந்தக் கார்பன் பில்டரும் பிடிக்காது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்குகிறவர்களுக்குப் புது பில்டர் எந்தக் காவலும் அல்ல. உயிர் போகும்!

சில சின்னக் கார்களின் விலை குறைந்த மாடலில் வேறொரு வேடிக்கை. பில்டர் வைக்கும் இடம் இருக்கும், பில்டர் இருக்காது! மூடியைத் திறந்தால் வெறும் பொந்து. வாங்கி நாலு வருஷம் ஆகியிருந்தாலும் இதுதான் கதை. பல மாடல்களுக்குப் பொருந்தும் பில்டர் தனியாகக் கடையில் கிடைக்கும்.

பில்டரைப் பொருத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அதன் விளிம்பில் ஒரு அம்புக்குறி போட்டிருக்கும். காற்று போகும் திசை அது. பழைய பில்டரில் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே புதியதிலும் இருக்க வேண்டும். பழையதையே யாராவது தலைகீழாகப் போட்டிருக்கவும் கூடும் என்பதால் காரோடு கொடுத்த புத்தகத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. பழையதை இழுக்கும்போது சாய்க்காமல், மெதுவாக இழுக்க வேண்டும். சாய்த்தால் மேலே கிடக்கும் சருகு முழுவதும் புளோயருக்குள் விழுந்து, மறுநாள் "கடகட" என்று சத்தம் போடும்.

கஷ்டமான இடத்தில் இருக்கும் பில்டரை மடக்கித்தான் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். மடிப்புகளின் போக்கிலேயே வளைத்தால் நுழையும். உள்ளே போனதும் விரித்துக்கொள்ளும். அவசரத்தில் குறுக்கே மடித்தால் நடுவில் ஒடிந்துவிடும். இன்னும் சிலர் ஓரத்தைக் கத்தரியால் வெட்டிச் சொருகுகிறார்கள்! காற்று சோம்பேறி. சந்து கிடைத்தால் பில்டர் வழியாக எதற்கு வரப்போகிறது? அந்தச் சந்து வழியாகவே தூசி முழுவதும் வரும். புது பில்டரும் வீண், காசும் வீண்.

மஞ்சள் ஒயரைத் தொடாதீர்கள்!

சொந்தக் கையால் செய்ய நினைப்பவர்களுக்கு எச்சரிக்கை. என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். குளோவ் பாக்ஸுக்கு மேலேதான் பக்கத்து சீட்டுக்காரருக்கான ஏர் பேக் இருக்கிறது. புது மாடல் கார்களில் அது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். அதன் ஒயரும் கனெக்டரும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதைப் பிடுங்கக் கூடாது. வெயிலில் நின்று காய்ந்த பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் பட்டென்று ஒடியும். ஒடிந்தால் கார் ஓடும்போது டேஷ்போர்டு முழுவதும் கிலுகிலுப்பை ஆட்டம்தான்.

எலிப்புழுக்கை தெரிந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது. உறையும் முகமூடியும் வேண்டும். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தில் மூழ்கியது போல ஒரு தடவை டேஷ்போர்டு வரை தண்ணீர் பார்த்த காருக்குக் காய வைத்த பழைய பில்டர் உதவாது. தூக்கிப் போட வேண்டியதுதான்.

தலைகீழாகப் படுக்கும் ரகக் கார் என்றால் மெக்கானிக்கிடம் விடுவதே மேல். கூலியை முன்பே பேசிக்கொள்ளலாம். அரை மணி, ஒரு மணி வேலைக்கு அவர் கேட்பதில் நியாயம் உண்டு. பழைய பில்டரைக் காட்டச் சொன்னால் போதாது. வேறு வண்டியில் கழற்றிய கருப்புப் பில்டர் ஒர்க்‌ஷாப் மூலையில் எப்போதும் ஒன்று கிடக்கும்!

அதற்கும் வழி இருக்கிறது. புது பில்டர் போடும்போது அதன் விளிம்பில் மார்க்கர் பேனாவால் தேதியையும் கிலோ மீட்டரையும் எழுதி, ஓரத்தில் ஒரு கையெழுத்தும் போட்டு விடலாம். அடுத்த சர்வீசில் "மாத்தியாச்சு சார்" என்றதும் பழையதைக் கேளுங்கள். கையெழுத்தோடு வந்தால் சரி. "குப்பையில போட்டுட்டோமே" என்றால், "மூடியைக் கொஞ்சம் தொறங்க தம்பி" என்று நிதானமாகச் சொல்ல வேண்டியதுதான். உள்ளே அதே கையெழுத்து சிரித்தால் பில்லில் அந்த வரியை அடிக்கச் சொல்லலாம்.

கையெழுத்துப் போட்ட பழைய பில்டர் கைக்கு வந்ததும் வாசலில் தட்டாதீர்கள். ஒரு வருஷத் தூசியும் வீட்டுக்குள் வரும். பழைய பேப்பரில் சுற்றிக் கட்டி, நேரே குப்பைத் தொட்டியில்.