பெருங்கடலில் ஒரு பொம்மைக் கப்பல்

குளியல் தொட்டியில் பொம்மைக் கப்பல் மிதப்பதில் வியப்பேதும் இல்லை. அதே கப்பல், ஆளுயர அலைகள் எழும் பெருங்கடலில் மிதக்குமா? இக்கேள்விக்கு விடை காண ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இரு சகோதரர்கள் முனைந்தனர். அப்போது மூத்தவனுக்கு எட்டு வயது. இளையவனுக்கு ஐந்து வயது. அவர்கள் தாங்கள் செய்து பார்க்க விரும்பிய 500 செயல்களைப் பட்டியலிட்டு, பெற்றோரின் துணையுடன் ஒவ்வொன்றாக நிறைவேற்றி வந்தனர். கடற்கொள்ளையர் கப்பல் வடிவிலான நெகிழிப் பொம்மை ஒன்றைக் கடலில் பயணம் அனுப்புவதும் அப்பட்டியலில் இருந்தது.

அவர்கள் அக்கப்பலுக்கு ‘அட்வெஞ்சர்’ என்று பெயரிட்டனர். சாகசம் என்பது அதன் பொருள். 2017ஆம் ஆண்டு மே மாதம், பீட்டர்ஹெட் என்னும் துறைமுக நகரில் அது கடலில் விடப்பட்டது. அடுத்த ஓராண்டுக்குள் அது 6,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தைக் கடந்தது. கடலில் மிக நீண்ட தூரம் சென்ற பொம்மைக் கப்பல் என்று கின்னஸ் உலகச் சாதனைப் பதிவிலும் இடம்பெற்றது.

கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருள் இவ்வளவு தூரம் சென்றது எவ்வாறு? அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கண்ணில் படாத அடிப்பகுதியில் செய்யப்பட்ட மாற்றங்கள். மற்றொன்று, வழியில் அதனைக் கண்டெடுத்த மனிதர்களின் நல்லெண்ணம்.

கடைப் பொம்மையின் குறைகள்

பொம்மைக் கடற்கொள்ளையர் கப்பலைப் பார்த்தவுடன் நம் கண்ணைக் கவர்வன அதன் மேற்பகுதியில் உள்ளவையே. உயர்ந்த பாய்மரங்கள், விரிந்த பாய்கள், மண்டையோட்டுக் கொடி, சிறு பீரங்கிகள் ஆகியவை அதற்கு அழகு சேர்க்கின்றன. கடலில் இவையே அதன் பகைவர்கள். உயரத்தில் எடை கூடக்கூடக் கப்பல் சாய்வது எளிதாகிறது. விரிந்த பாயில் பக்கவாட்டுக் காற்று மோதினால் கப்பல் கவிழ்ந்துவிடும்.

இத்தகைய பொம்மைகளின் அடிப்பகுதி, தரையில் வைத்து விளையாடுவதற்கு ஏற்பத் தட்டையாக இருக்கும். உள்ளே வெற்றிடமும் இருக்கும். மேல்தளத்தின் இடுக்குகள் வழியாக அந்த வெற்றிடத்தில் நீர் புகும். நீர் புகப் புகக் கப்பலின் எடை கூடும். அது இடம்பெயர்க்கும் நீரின் எடையைக் காட்டிலும் கப்பலின் மொத்த எடை மிகுந்தால் கப்பல் மூழ்கும். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கண்டறிந்த இந்த விதி, பயணிகள் கப்பலுக்கும் பொம்மைக் கப்பலுக்கும் ஒன்றே.

அடிப்பகுதியில் செய்த மாற்றங்கள்

அட்வெஞ்சர் கப்பலில் முதலில் சரிசெய்யப்பட்டது அந்த வெற்றிடம். கப்பலின் உட்பகுதியில் பாலிஸ்டைரின் நுரை நிரப்பப்பட்டது. புதிய தொலைக்காட்சிப் பெட்டி உடையாமல் இருக்க அட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பப்படும் வெண்ணிறப் பொருளே இது. அதன் பெரும்பகுதி காற்றுதான். அக்காற்று, நீர் புக முடியாத எண்ணற்ற சிறு அறைகளில் அடைபட்டிருக்கிறது. ஆகவே, கப்பலில் விரிசல் ஏற்பட்டாலும் நீர் வந்து தங்குவதற்கு உள்ளே இடம் இருக்காது. கப்பல் அடிபடலாம், ஆனால், எளிதில் மூழ்காது.

அடுத்ததாக, கப்பலின் அடியில் எடை ஒன்று பொருத்தப்பட்டது. மூழ்காமல் இருக்க வேண்டிய கப்பலுக்கு மேலும் எடை சேர்ப்பது முரணாகத் தோன்றலாம். இதற்கான விளக்கத்தைத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையிடம் காணலாம். அப்பொம்மையின் அடிப்பாகம் கனமாகவும் உருண்டையாகவும் இருக்கும். அதனை எந்தப் பக்கம் தள்ளினாலும் அது மீண்டும் நிமிர்ந்து நிற்கும். அதன் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கருதப்படும் புள்ளி, அதாவது ஈர்ப்பு மையம், மிகத் தாழ்வாக இருப்பதே அதற்குக் காரணம்.

கப்பலின் அடியில் தொங்கும் எடையும் இவ்வாறே செயல்படுகிறது. அலை கப்பலை ஒரு பக்கமாகச் சாய்க்கும்போது, அடியிலுள்ள எடை மறுபக்கமாக மேலெழுகிறது. உடனே புவியீர்ப்பு விசை அதனைக் கீழே இழுக்கிறது, கப்பல் நிமிர்கிறது. எடை எவ்வளவு ஆழத்தில் தொங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் நிமிர்த்தும் ஆற்றலும் கூடும். எனவே, சிறிய எடையை நீண்ட அடிக்கட்டையின் நுனியில் பொருத்துவது, பெரிய எடையைக் கப்பலின் உள்ளே வைப்பதைவிடச் சிறந்த பயன் தரும். பந்தயப் பாய்மரப் படகுகளின் ஆழமான அடிக்கட்டையும் இதே நோக்கத்திற்காக அமைக்கப்படுவதுதான்.

காற்றும் நீரோட்டமும்

ஆளில்லாத கப்பலைக் கரையிலிருந்து விட்டபின் அதன் பாயை எவராலும் திருப்ப முடியாது. விடுவதற்கு முன்பே காற்றின் திசையையும் வலிமையையும் கணித்துப் பாயை அமைத்துவிட வேண்டும். நம் அண்டைப் பகுதியான ரியாவ் தீவுகளில் வாழும் மலாய் மக்கள் இக்கலையில் தேர்ந்தவர்கள். ‘ஜோங்’ எனப்படும் மரத்தாலான சிறு பாய்மரப் படகுகளை அவர்கள் ஆளின்றிக் கடலில் விட்டுப் போட்டி நடத்துகின்றனர். படகு சாயாமல் இருக்க அதன் பக்கவாட்டில் மிதவைக் கட்டை பொருத்தப்பட்டிருக்கும். கையை விட்டு அகன்றபின் அது நேராகச் செல்வதும் திசைமாறுவதும், செய்தவரின் கணிப்பைப் பொறுத்ததே.

ஜோங் படகின் பயணம் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். மாதக்கணக்கில் மிதக்கும் கப்பலுக்கோ காற்றோடு கடல் நீரோட்டமும் வழிகாட்டியாகிறது. அட்வெஞ்சர் முதலில் வடகடலைக் கடந்து டென்மார்க்கின் கரையை அடைந்தது. பின்னர்ச் சுவீடன், நார்வே ஆகிய நாடுகளுக்கும் சென்றது. வடகடல் பகுதியில் மேற்கிலிருந்து வீசும் காற்றே மிகுதி என்பதால், அது கிழக்கு நோக்கிச் சென்றதில் வியப்பில்லை.

அட்லாண்டிக் பெருங்கடலைக் கடப்பதற்கு எதிர்த்திசைக் காற்று தேவைப்பட்டது. ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், வடகிழக்கிலிருந்து தென்மேற்கு நோக்கி ஆண்டின் பெரும்பகுதியும் காற்று வீசுகிறது. இதனை வணிகக் காற்று என்பர். பாய்மரக் கப்பல்களின் காலத்தில், ஐரோப்பிய மாலுமிகள் இக்காற்றை நம்பியே அமெரிக்கக் கண்டத்தை நோக்கிப் புறப்பட்டனர். அதே பகுதியில் மேற்கு நோக்கிச் செல்லும் நீரோட்டமும் உள்ளது. பொம்மைக் கப்பலும் அப்பழைய கடல்வழியையே பின்பற்ற வேண்டியிருந்தது. ஆனால், நார்வேயிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்கு அதனை யார் கொண்டு செல்வது?

முகமறியாதவர்களின் உதவி

கப்பலில் ஒரு செய்தி பொருத்தப்பட்டிருந்தது. தன்னைக் கண்டெடுப்பவர் மீண்டும் கடலில் விட்டு உதவ வேண்டும் என்பதே அச்செய்தி. கடற்கரையில் ஒரு நெகிழிப் பொம்மையைக் காண்பவர் அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்றிருக்கலாம். குப்பையென ஒதுக்கியும் இருக்கலாம். அட்வெஞ்சரைக் கண்டெடுத்தவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் அது மீண்டும் பயணத்தைத் தொடர்ந்தது.

நார்வே நாட்டின் புகழ்பெற்ற பயிற்சிப் பாய்மரக் கப்பல் ‘கிறிஸ்டியன் ராடிக்’. 1937ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அக்கப்பல், இச்சிறு கப்பலைத் தன்னோடு ஏற்றிக்கொண்டு தெற்கே சென்றது. 2017ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், ஆப்பிரிக்காவின் மௌரித்தேனியா நாட்டிற்கு அப்பாலுள்ள கடலில் அதனை இறக்கிவிட்டது. அங்கிருந்து வணிகக் காற்று அதனை மேற்கே நகர்த்தியது.

இந்நெடும்பயணத்தில் கப்பலின் இருப்பிடத்தை அறிவிக்க அதில் கண்காணிப்புக் கருவி ஒன்று இருந்தது. நடுக்கடலில் கைப்பேசிக் கோபுரங்கள் கிடையா. எனவே, இத்தகைய கருவிகள் செயற்கைக்கோள் வழியாகவே தகவல் அனுப்புகின்றன. மின்கலத்தின் ஆற்றலைச் சேமிக்க, குறித்த இடைவெளிகளில் மட்டும் அவை இயங்குகின்றன. இதிலும் அடியில் கட்டிய எடைக்குப் பங்கு உண்டு. இக்கருவி அனுப்பும் வானொலி அலைகள் கடல்நீரை ஊடுருவிச் செல்வதில்லை. கப்பல் கவிழ்ந்து கருவி நீருக்குள் போய்விட்டால் தகவலும் நின்றுவிடும்.

2018ஆம் ஆண்டு மே மாதத்தில், கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான பார்படோஸை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கருவியின் மின்கலம் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. பின்னர்க் கப்பலிலிருந்து தகவல் வருவது நின்றுபோனது. அட்வெஞ்சர் பெருங்கடலைக் கடந்துவிட்டது. ஆனால், மறுகரையில் அதனை வரவேற்க முடியவில்லை.

வகுப்பறையிலிருந்து கடலுக்கு

மாணவர்கள் கூடிச் செய்யும் ஆளில்லாப் படகுகளும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சையர் மாநிலத்தில், ரை என்னும் ஊரின் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள படகு ஒன்றை உருவாக்கினர். அதற்கு ‘ரை ரிப்டைட்ஸ்’ என்று பெயர். அதன் சரக்கு அறையில் நிழற்படங்கள், இலையுதிர்கால இலைகள், ஓக் மரக் கொட்டைகள், மாணவர்கள் கையொப்பமிட்ட முகக்கவரி முதலியவற்றை வைத்தனர். 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில், அது அட்லாண்டிக் கடலில் விடப்பட்டது.

அப்படகின் கருவி தொடர்ந்து தகவல் அனுப்பவில்லை. பல மாதங்கள் எச்செய்தியும் வரவில்லை. படகு மூழ்கியிருக்கலாம் என்றே எண்ணத் தோன்றியது. 462 நாள்களுக்குப் பிறகு, 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நார்வேயின் ஸ்மோலா தீவருகே அது கண்டெடுக்கப்பட்டது. அது கடந்த தூரம் 13,000 கிலோமீட்டருக்கும் அதிகம். பாய்மரமும் அடிக்கட்டையும் போய்விட்டன. படகு முழுவதும் சிறு கடலுயிர்கள் ஒட்டியிருந்தன. எனினும், மேல்தளமும் சரக்கு அறையும் தப்பியிருந்தன. கண்டெடுத்தவர் ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவர். அவர் அதனைத் தம் பள்ளிக்குக் கொண்டு சென்றார். வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து திறந்து பார்த்தார். பின்னர், இரு நாட்டு மாணவர்களும் காணொலி வழியாக உரையாடினர்.

கடலுக்குச் செய்ய வேண்டிய கடமை

இத்தகைய பயணங்களின் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1992ஆம் ஆண்டு ஜனவரி மாதம், வட பசிபிக் பெருங்கடலில் சரக்குக் கப்பல் ஒன்றிலிருந்து கொள்கலன்கள் விழுந்தன. அவற்றுள் ஒன்றில் இருந்த மஞ்சள் வாத்து, பச்சைத் தவளை முதலிய 28,000க்கும் மேற்பட்ட குளியல் தொட்டிப் பொம்மைகள் கடலில் கலந்தன. அவை கரையொதுங்கிய இடங்களையும் நாள்களையும் கொண்டு கர்டிஸ் எப்ஸ்மேயர், ஜேம்ஸ் இங்கிராம் ஆகிய ஆய்வாளர்கள் கடல் நீரோட்டங்களை ஆராய்ந்தனர். அது அறிவியலுக்குக் கிடைத்த நன்மை.

1997ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள், ‘டோக்கியோ எக்ஸ்பிரஸ்’ என்னும் கப்பலைப் பேரலை ஒன்று தாக்கியது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் கடலில் விழுந்த கொள்கலன்களுள் ஒன்றில் ஏறத்தாழ 4.8 மில்லியன் லெகோ துண்டுகள் இருந்தன. அவற்றுள் கொள்ளையர் வாள்கள், எண்காலிகள், உயிர்காப்பு அங்கிகள் முதலிய கடல் சார்ந்த பொம்மைப் பாகங்கள் பல. கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அவை கார்ன்வால் கடற்கரைகளில் ஒதுங்குகின்றன. நெகிழி மட்குவதில்லை. வெயிலாலும் அலையாலும் நொறுங்கிச் சிறு துகள்களாகிறது. மீன்களும் பறவைகளும் அத்துகள்களை உணவென்று விழுங்குகின்றன.

ஆகவே, பொம்மைக் கப்பலைக் கடலில் விடுவது, விட்டுவிட்டு மறந்துபோகும் விளையாட்டாக இருத்தல் கூடாது. கழன்று விழக்கூடிய பீரங்கிகளையும் மனித உருவங்களையும் முதலில் அகற்றிவிட வேண்டும். அல்லது நன்கு பிணைக்க வேண்டும். நுரை சிதறி வெளியேறாதவாறு உட்பகுதியை மூடி ஒட்ட வேண்டும். தொடர்புகொள்ளும் வழியை நீரில் அழியாத மையால் எழுத வேண்டும். திறந்த கடலில் அனுப்புவதாயின் பெரியவர்களின் துணையும் உரியவர்களின் அனுமதியும் தேவை. கப்பலைப் பின்தொடரக் கண்காணிப்புக் கருவியும் வேண்டும்.

இவற்றைச் செய்ய இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. பொம்மைக் கப்பலின் வால்பகுதியில் நீண்ட கயிற்றைக் கட்டி, பெரியவர்களின் மேற்பார்வையில் ஏரியிலோ அமைதியான கடற்கரையிலோ மிதக்கவிடலாம். அடியில் எடை இல்லாமல் ஒருமுறையும் எடை சேர்த்து ஒருமுறையும் விட்டுப் பார்த்தால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். எடையைச் சற்றே கீழிறக்கினால் என்ன நேர்கிறது, பாயைச் சிறிதாக்கினால் என்ன நேர்கிறது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். அட்வெஞ்சர் கப்பலைப் பெருங்கடலில் நிமிர்த்தி வைத்த அதே அறிவியலைக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் மாணவரும் அறிந்துகொள்வார். விளையாட்டு முடிந்ததும் கப்பலையும் அவர் கையோடு வீட்டிற்குக் கொண்டு செல்வார்.