கிணற்றடித் தோட்டமும் குடிநீரும்

ஆவணி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் விதைக் கடைக்காரருக்கும் கன்று விற்போருக்கும் கை ஓய்வதில்லை. மாரி மழை இறங்குமுன் நாற்று மேடையைப் போட்டுவிட வேண்டுமென்று வீட்டுக்கு வீடு ஓர் அவசரம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்ததையும், நவம்பரில் அது தளர்ந்ததையும், மறுவருட நெருக்கடியிலே வீட்டுத் தோட்டம் செய்வதற்கென்று அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டதையும் எம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். அன்று வயிற்றுக்காகப் போட்ட பாத்திகள் சில வீடுகளில் இன்றும் பச்சையாகவே இருக்கின்றன. நல்லதுதான். ஆயின் அப்பாத்திகளுக்கு என்ன வாங்குகின்றோம், யாரிடம் வாங்குகின்றோம் என்பதைச் சற்றே ஆராயவேண்டியிருக்கின்றது.

முதலில் கன்றுகள். காயோடும் பூவோடும் பையில் நிற்கும் சிறு மாங்கன்றைக் கண்டால் எவருக்கும் ஆசை உண்டாகும். எமக்கோ அதைக் கண்டால் ஐயமே உண்டாகின்றது. வேர் பிடித்து வளரவேண்டிய கன்று தன் பலத்தையெல்லாம் காய்க்குச் செலவிட்டபின் நிலத்தில் என்ன செய்யும்? கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று என்று சொல்லி விற்றால், ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்க்கவேண்டும். இரு தண்டுகளும் பொருந்திய தழும்பு தெளிவாய்த் தெரியவேண்டும். நாடாவைச் சுற்றிய தண்டெல்லாம் ஒட்டாகிவிடாது. ஒட்டுக்குக் கீழே தளிர் விட்டிருந்தால் அதைக் கிள்ளிவிட வேண்டும். அது வளர விட்டால் நீங்கள் விரும்பிய மா அன்று, அடித்தண்டின் மாவே வீட்டுக்கு வந்து சேரும். பையின் அடியில் வேர் வளையமாய்ச் சுற்றியிருந்தால் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். நெடிதாய் மெலிந்த கன்றிலும் குட்டையாய்த் தடித்த கன்றே மேலானது.

விதைப் பைகளைப் பற்றி எம் கருத்து கொஞ்சம் கடுமையானது. பையிலுள்ள படத்தைப் பார்த்து வாங்குவோர் பலர்; திகதியைப் பார்ப்போர் சிலர். வாங்கிய விதையில் இருபதை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். சில நாட்களில் பதினைந்துக்குக் குறைவாய் முளைத்தால் அந்தப் பையைக் கடைக்கே கொண்டுபோய்க் காட்டுவதில் வெட்கம் வேண்டியதில்லை. கலப்பின விதையென்றால் விளைச்சல் நன்றாயிருக்கலாம். ஆனால் அதன் காயிலிருந்து எடுத்து வைக்கும் விதை அடுத்த போகத்தில் தாயைப் போல வராது. ஆண்டுதோறும் கடையையே நாடவேண்டும். கத்தரி, வெண்டி, பயற்றை ஆகியவற்றில் பழைய இனங்களை வைத்திருக்கும் வீட்டாரிடம் ஒரு கைப்பிடி விதை கேட்டு வாங்குவதே எமக்கு உகந்த வழி. திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய ஊதாக் கத்தரி இனமொன்று விவசாயத் திணைக்களமே சிபாரிசு செய்தது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மிளகாய் இலை சுருண்டவுடன் மருந்துக்கடைக்கு ஓடுவது இன்னொரு வழக்கம். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் ஒரே மருந்தை அடிப்பதால் கைக்காசு போவதே மிச்சம். வேப்பம்விதைப் பருப்பு ஐம்பது கிராமை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளித்துப் பாருங்கள். வெயிலில் அதன் வீரியம் கெடுமாதலால் மாலை என்கின்றோம். கொழும்பில் மாடி வீடுகளில் பைகளில் பயிரிடுவோர் தும்புச் சோற்றை நன்றாக நீரில் அலசி உப்பைப் போக்கியபின்பே மண்ணோடு கலக்கவேண்டும்.

இனி நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்த விஷயம். எம் குடாநாட்டில் நிலத்தின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே இட்டது கீழே இறங்க நெடுநேரம் எடுக்காது. யூரியாவில் நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு நைதரசன். பயிர் உண்ட மிச்சம் நைத்திரேற்றாக மாறி, மழையோடும் இறைப்போடும் கிணற்றை அடைகின்றது. அதே கிணற்றிலிருந்துதான் குடிக்கவும் அள்ளுகின்றோம். ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலுவை இழந்து, குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம். “கொதிக்கவைத்துத்தானே கொடுக்கிறோம்” என்று தாய்மார் சொல்வார்கள். கிருமி கொதியில் மாளும், நைத்திரேற்று மாளாது. நீர் வற்ற வற்ற அது செறிவாகுமேயன்றிக் குறையாது. தாய்ப்பால் உண்ணும் குழந்தைக்கு இந்த அபாயம் இல்லையென்றே சொல்லலாம்.

மாட்டெருவென்றால் கேடில்லை என்று நினைப்பதும் தவறு. கிணற்றடியிலே குவித்த எருவும் இதையே செய்யும். மலசலகூடக் குழியும் அவ்வாறே. எருக்கும்பியைக் கிணற்றுக்கு அப்பால், வேலியோரத்துக்கு மாற்றுங்கள். பசளையை ஒரே முறையிற் கொட்டாமல் சிறுகச் சிறுக, பயிர் வளரும் நாட்களில் மட்டும் இடுங்கள். அடைமழைக்கு முன்தினம் இடவே வேண்டாம். பூவரசங்குழையையும் கிளிசறியாவையும் பழைய பனையோலையையும் பாத்தியில் தாழ்த்து வந்த எம் முன்னோரின் முறையில் சத்து மெல்ல மெல்லவே வெளிப்படும். மண்ணும் ஈரம் காக்கும். காசும் கடைக்குப் போகாது.

பயிரைப் பற்றிய ஐயங்களுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் இருக்கின்றார். திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. கிணற்று நீரை எங்கே பரிசோதிப்பது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். மாரி முடிந்து கிணறு நிறைந்திருக்கும் தை மாதத்தில் ஒரு போத்தல் நீரைக் கொடுத்துப் பார்ப்பது நன்று. வீட்டிலே கைக்குழந்தை இருந்தால் தை வரும்வரை காத்திருக்கவேண்டாம்.