விரலுக்கு மிஞ்சிய வீக்கம்: ஏம்ஸ் கடைகள் இரண்டு முறை விழுந்த கதை

2002 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம், மிச்சமிருந்த 327 கடைகளையும் மூடப்போவதாக அறிவித்தது. வடகிழக்கு மாநிலங்களின் சின்ன ஊர்களில் சட்டை, போர்வை, பாத்திரம், பொம்மை, பள்ளிக்கூட நோட்டு என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் மலிவு விலைக்கு விற்றுவந்த கடைகள் அவை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. பழியை வால்மார்ட் தலையில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது சுலபம். பலரும் இன்றுவரை அதைத்தான் செய்கிறார்கள். ஆனால், தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. ஏம்ஸ் முதன்முறை திவாலானது 1990இல். நியூ இங்கிலாந்து என்றழைக்கப்படும் அந்தப் பகுதிக்குள் வால்மார்ட் கால் வைத்ததே 1991இல்தான்.

அப்படியென்றால் அந்த முதல் அடி எங்கிருந்து விழுந்தது?

ஆலை மூடிய இடத்தில் கடை

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நியூ இங்கிலாந்தின் துணி ஆலைகள் ஒவ்வொன்றாகத் தெற்கு மாநிலங்களுக்கு இடம்பெயர்ந்தன. அங்கே கூலி குறைவு, சங்கத் தொல்லை இல்லை. ஆற்றங்கரைகளில் செங்கல்லால் கட்டிய பிரம்மாண்டமான ஆலைக் கட்டடங்கள் அனாதையாக நின்றன. வாடகை அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. அதைச் சிலர் கவனித்தார்கள்.

ரோட் ஐலண்டு மாநிலத்தில் 'ஆன் அண்டு ஹோப்' என்ற பழைய ஆலை 1953இல் அதே பெயரில் கடையாக மாறியது. அன்றைய பெருநகர டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு விற்பனையாளர் நின்று சரக்கை எடுத்துக் காட்டுவார். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் வசதியும் தவணைக் கணக்கும் உண்டு. இத்தனைக்குமான செலவு பொருளின் விலையில்தான் ஏறும். ஆலைக் கடையில் இவை எதுவும் கிடையாது. தறி ஓடிய தளத்தில் மேசைகளைப் போட்டுச் சரக்கைக் குவித்திருப்பார்கள். தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வேண்டியதை நாமே பொறுக்கிப் போட்டு, வாசலில் ஒரே இடத்தில் பணம் கட்டிவிட்டு வெளியேற வேண்டியதுதான். இன்று நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. அன்று ஆர்கன்சா மாநிலத்திலிருந்து சாம் வால்டன் என்ற ஒரு வியாபாரி இந்தக் கடைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கவே கிழக்கே பயணம் வந்தார். வால்மார்ட்டைத் தொடங்கியவர் அவர்தான்.

இந்தக் கடைகளுக்குச் சட்டச் சிக்கலும் இருந்தது. நம்மூரில் எம்.ஆர்.பி. என்பது உச்சவரம்பு, அதற்கு மேல் விற்கக் கூடாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அன்று இருந்தது நேரெதிர். உற்பத்தியாளர் நிர்ணயித்த விலைக்குக் கீழே கடைக்காரர் விற்கக் கூடாது. சிறு கடைகளைக் காப்பாற்ற 1930களில் வந்த ஏற்பாடு அது. மலிவு விலைக் கடைகள் அதை இழுத்து, வளைத்து, நீதிமன்றத்தில் மல்லுக்கட்டிக்கொண்டே வளர்ந்தன. அமெரிக்க நாடாளுமன்றம் 1975இல் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தபோது, அது ஏட்டளவில்தான் மிச்சமிருந்தது.

ஏம்ஸும் ஆலையில் பிறந்த கடைதான். மாசசூசெட்ஸ் மாநிலத்து சவுத்பிரிட்ஜ் ஊரில் 'ஏம்ஸ் ஒர்ஸ்டட்' என்ற கம்பளி ஆலை இருந்த கட்டடத்தில், 1958இல் கில்மன் சகோதரர்கள் கடை போட்டார்கள். ஆலையின் பெயரையே கடைக்கும் வைத்துக்கொண்டார்கள். புதுப் பெயர்ப்பலகைச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் என்று சொல்வார்கள். மலிவு விலைக் கடைக்குப் பொருத்தமான ஆரம்பம்.

சகோதரர்களின் வியாபார சூத்திரம் எளிமையானது. பெருநகரம் பக்கமே போகக் கூடாது. பெரிய கடைக்காரர்கள் எட்டிப் பார்க்காத, வருமானம் குறைந்த சின்ன ஊராகப் பார்த்து உட்கார வேண்டும். போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் சுமாரான கடைகூட ஓடும். ஏம்ஸ் கடைகள் சுமாரானவைதான். பளபளப்பு எதையும் அவற்றின் மீது ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், பக்கத்து நகரத்துக்குப் போய்வரும் பெட்ரோல் செலவை மிச்சப்படுத்தின. வால்மார்ட், கேமார்ட், டார்கெட் மூன்றும் முதல் கடையைத் திறந்தது 1962இல். ஏம்ஸ் அவற்றுக்கு நான்கு வயது மூத்தது.

இதே சின்ன ஊர் சூத்திரத்தில்தான் வால்டனும் வளர்ந்தார். வித்தியாசம் வளர்ந்த விதத்தில். அவர் முதலில் ஒரு கிடங்கைக் கட்டுவார். அங்கிருந்து லாரி ஒரு நாளில் போய்ச்சேரும் தூரத்துக்குள் கடைகளை நெருக்கமாகத் திறப்பார். அந்த வட்டம் நிரம்பிய பிறகுதான் அடுத்த கிடங்கு. ஏம்ஸ் எடுத்த வழி வேறு. அடுத்தவர் கட்டிய கடைகளை மொத்தமாக வாங்கிப்போட்டது. 1978இல் நைஸ்னர், 1985இல் பென்சில்வேனியாவின் ஜி.சி. மர்ஃபி. இவற்றையே ஏம்ஸால் முழுசாகச் செரிக்க முடியவில்லை. மர்ஃபியோடு ஒட்டிக்கொண்டு வந்த சில்லறைச் சாமான் கடைகளைச் சில ஆண்டுகளில் வேறொருவரிடம் தள்ளிவிட வேண்டியிருந்தது.

ஸேயரின் கடைகள்

பிறகு வந்தது ஸேயர். மாசசூசெட்ஸின் ஃபிரேமிங்ஹாமைத் தலைமையகமாகக் கொண்டு ஃபெல்ட்பெர்க் குடும்பம் நடத்திய நிறுவனம். 1956இல் தொடங்கி பாஸ்டன், சிகாகோ, ஃபுளோரிடா என்று நகரங்களுக்குள் கடை விரித்திருந்தது. மற்றவர்கள் வரத் தயங்கிய ஏழைக் குடியிருப்புகளில் துணிந்து கடை வைத்தார்கள். 1988 வாக்கில் அந்தக் கடைகள் கவனிப்பாரின்றி நஷ்டத்தில் கிடந்தன. ஆனால், அதே குடும்பத்திடம் டி.ஜே. மேக்ஸ் என்று இன்னொரு கடைத்தொடரும் இருந்தது. பெரிய பிராண்டுகளின் மிஞ்சிய சரக்கைச் சல்லிசாக வாங்கி விற்கும் தொழில் அது, லாபத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதைக் கைகழுவ வேண்டும். கை நீட்டியது ஏம்ஸ்.

1988 இலையுதிர் காலத்தில் 388 ஸேயர் கடைகள், பணமும் பத்திரமுமாகச் சுமார் 80 கோடி டாலருக்குக் கை மாறின. ஒரே கையெழுத்தில் ஏம்ஸின் கடைகள் ஏறத்தாழ இரு மடங்காயின. அமெரிக்காவின் மிகப் பெரிய மலிவு விலைத் தொடர்களில் ஒன்று என்ற பெயர் கிடைத்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பாட்டிமார் சொல்வதை ராக்கி ஹில் ஊரில் இருந்த ஏம்ஸ் தலைமையகத்துக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையின் மையம். ஸேயரின் வாடிக்கையாளர் வாரா வாரம் செய்தித்தாளோடு வரும் தள்ளுபடித் துண்டறிக்கையைப் பார்த்துக் கடைக்கு வருபவர். என்றைக்கும் ஒரே குறைந்த விலை என்பது ஏம்ஸின் கொள்கை. கடைகளின் பெயர்ப்பலகையை மாற்றிய கையோடு துண்டறிக்கைகளையும் வெட்டிச் சுருக்கினார்கள். சின்ன ஊர் வெள்ளைக்கார விவசாயக் குடும்பத்துக்கு எடுத்த சரக்கை, கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்கர்களும் வாழும் நகரக் குடியிருப்பில் அடுக்கினார்கள். வாங்க ஆள் வரவில்லை. இதற்கு நடுவே இரண்டு நிறுவனங்களின் கணக்கு முறைகளையும் ஒன்றாக்கும் வேலை சிக்கலாகி, சரக்கு கொடுத்தவர்களின் பில்கள் தேங்கின.

சில்லறை வணிகத்தில் ஒரு கடை சாவது பெரும்பாலும் வாடிக்கையாளர் கையால் அல்ல, சப்ளையர் கையால். சட்டை தைத்துக் கொடுக்கும் கம்பெனி உடனே பணம் கேட்பதில்லை; முப்பது நாளோ அறுபது நாளோ தவணை தரும். அந்தச் சட்டை விற்ற காசிலேயே கடைக்காரர் பாக்கியை அடைப்பார். இந்தப் பாக்கிகளுக்கு உத்தரவாதம் கொடுப்பதற்கென்றே அங்கே நிதி நிறுவனங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, 'இனி ஏம்ஸ் பில்லுக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று ஒதுங்கினால் போதும், மறுநாளே சட்டைக் கம்பெனி ரொக்கம் கேட்கும். ரொக்கம் இருக்காது. அலமாரியில் ஓட்டை விழும். ஓட்டையைப் பார்த்த வாடிக்கையாளர் அடுத்த வாரம் வேறு கடைக்குப் போவார். 1990 வசந்த காலத்தில் சப்ளையர்கள் லாரிகளை நிறுத்தினார்கள். ஏப்ரல் மாதம் ஏம்ஸ் நீதிமன்றத்துக்குப் போனது.

அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11ஆவது அத்தியாயம் கடையை மூடுவதற்கானது அல்ல. கடன்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கடையைத் திறந்து வைத்தபடியே கணக்கைச் சீர்செய்ய அவகாசம் தருவது. நம் நாட்டில் 2016இல் வந்த திவால் சட்டத்தின்படி நிறுவனத்தின் சாவி ஒரு தீர்வு அதிகாரியின் கைக்குப் போய்விடும். இயக்குநர் குழுவுக்கு அதிகாரம் இல்லை. அங்கே சாவி பொதுவாக நிர்வாகத்திடமே இருக்கும். ஸ்டீபன் பிஸ்ட்னர் என்பவரைத் தலைமைக்குக் கொண்டுவந்தார்கள். வந்த வேகத்தில் 221 கடைகளை மூடினார். வாங்கிய ஸேயர் கடைகளில் பல, பலகை மாட்டி இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், இல்லாமல் போயின. 1992 டிசம்பரில் ஏம்ஸ் திவாலிலிருந்து வெளியே வந்தபோது கையில் இருந்தவை சுமார் 300 கடைகள்.

செவ்வாய்க்கிழமைகள்

அதன்பின் வந்த ஆண்டுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், ஏம்ஸ் சரியாக நடந்துகொண்ட காலமே அதுதான். 1994இல் ஜோசப் எட்டோரே தலைமைக்கு வந்தார். யார் நம் கடைக்கு வருகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தார்கள். சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் பெண்கள், ஓய்வூதியக்காரர்கள், பெரிய உடல்வாகு கொண்டவர்கள். அவர்களுக்கான சரக்கை எடுத்தார்கள். '55 கோல்டு' என்று ஒரு திட்டம்: 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் செவ்வாய்க்கிழமை வந்தால் பில்லில் பத்து சதவீதம் கழிவு. வாரத்தின் மந்தமான நாளில் கடை நிரம்பியது. பெரிய மூளை எதுவும் தேவைப்படாத யோசனை. ஆனால் எதிரில் நிற்பது யார் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது தோன்றும்.

சுற்றிலும் பிணம் விழுந்துகொண்டிருந்தது. 1995 ஒரே ஆண்டில் பிராட்லீஸ், கால்டர், ஜேம்ஸ்வே என்ற மலிவு விலைத் தொடர்கள் மூன்றும் திவால் மனு போட்டன. ஜேம்ஸ்வே அந்த ஆண்டே முடிந்தது. எட்டோரே அங்கிருந்து வந்தவர்தான். கார்ல், டாரதி என்ற கணவன் மனைவி இருவரின் பெயரையும் ஒட்டவைத்துத் தொடங்கிய கால்டர், 1999இல் கடையைக் கட்டியது. பிராட்லீஸ் 2001 தொடக்கத்தோடு சரி. வால்மார்ட் இப்போது உண்மையாகவே வந்துவிட்டிருந்தது. கடைசிவரை முரண்டுபிடித்த வெர்மான்ட் மாநிலத்திலும் 1995இல் பெனிங்டன் ஊரில் கடை திறந்தது. பார்கோடும் செயற்கைக்கோள் இணைப்பும் வைத்து, எந்தக் கடையில் எந்தச் சோப்பு தீர்ந்தது என்று ஆர்கன்சாவில் உட்கார்ந்து பார்த்தவர்களோடு போட்டி.

இந்த நிலைமையில் ஏம்ஸுக்கு இரண்டு வழிகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டு 300 கடைகளைப் பேணுவது ஒன்று. எட்டோரே மற்றதைத் தேர்ந்தார். பெரிதாகாவிட்டால் பிழைக்க முடியாது என்ற வாதத்தை அப்படியே ஒதுக்கிவிட முடியாது; சப்ளையரிடம் பேரம் பேச அளவு வேண்டும். ஆனால், 1988ஐ நேரில் பார்த்த நிறுவனம் அந்த வாதத்தை இரண்டு முறை யோசித்திருக்க வேண்டும். 1998 இறுதியில், கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஹில்ஸ் நிறுவனத்தின் 155 கடைகளை, அதன் கடனோடு சேர்த்து வாங்கினார்கள்.

ஒஹையோவின் யங்ஸ்டவுனில் 1957இல் பிறந்த ஹில்ஸைப் பற்றி அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் விலையைச் சொல்ல மாட்டார்கள், வாசனையைத்தான் சொல்வார்கள். வாசலை ஒட்டியே சிற்றுண்டிக் கவுன்ட்டர். பாப்கார்னும் சுடச்சுட பிரெட்சலும். பிள்ளைகள் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்துவிட்டால் அம்மா நிம்மதியாகச் சுற்றலாம். பொம்மைக்கென்றே பெயர் வாங்கிய கடை. அந்தப் பாசம் பலகையில் இருந்தது. பலகையை ஏம்ஸ் கழற்றிவிட்டது. 1999இல் அந்தக் கடைகளைத் தவணை தவணையாக மூடி, மாற்றி, ஏம்ஸ் என்று திறந்தார்கள். இந்த முறை துண்டறிக்கைத் தவறைச் செய்யவில்லை, கணக்கும் குழம்பவில்லை. ஆனால் கடன் ஏறியது, புதிய ஊர்களில் எதிர்ச்சாரியில் வால்மார்ட் நின்றது.

2000 குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் விலை எகிறியது. ஏம்ஸின் வாடிக்கையாளருக்கு அந்தப் பில்லைக் கட்டியபின் போர்வை வாங்கக் காசு இல்லை. 2001 ஆகஸ்டில் மறுபடியும் அதே நீதிமன்ற வழி. 11ஆவது அத்தியாயத்தில் இரண்டு முறை விழும் நிறுவனத்தை 'அத்தியாயம் 22' என்று அமெரிக்க வழக்கறிஞர்கள் கேலி செய்வார்கள். அடுத்த மாதம் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல். 2002 ஜனவரியில் கேமார்ட்டே திவால் மனு போட்டது. நடுங்கிப்போன கடன்காரர்களும் சப்ளையர்களும் ஏம்ஸை நம்பி இன்னொரு கிறிஸ்துமஸ் சரக்கைத் தர முன்வரவில்லை. முதல் முறை காப்பாற்றிய அதே சட்டம், இரண்டாம் முறை ஓராண்டு அவகாசம் மட்டும் கொடுத்தது.

1988இல் விற்றவர் கதை என்ன ஆனது? ஸேயர் கடைகளைக் கைகழுவிய குடும்ப நிறுவனம் டி.ஜே.எக்ஸ். என்று பெயரை மாற்றிக்கொண்டு, மிஞ்சிய சரக்கு வியாபாரத்தில் முழுமூச்சாக இறங்கியது. இன்று அதன் ஆண்டு விற்பனை 5,000 கோடி டாலரைத் தாண்டுகிறது. தலைமையகம் அதே ஃபிரேமிங்ஹாம். ஒரே ஒரு வில்லங்கம்தான் திரும்பிவந்தது. பழைய கடைகள் பலவற்றின் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது ஸேயர். ஏம்ஸ் கட்ட முடியாமல் போனதும் கட்டட உரிமையாளர்கள் டி.ஜே.எக்ஸ். பக்கம் திரும்பினார்கள். விற்றுத் தலைமுழுகிய கடைகளின் வாடகைக்காக அந்த நிறுவனம் தன் லாபத்திலிருந்து தனியே பணம் எடுத்துவைக்க வேண்டியிருந்தது.