செஞ்சந்தனமும் மூலக்கூற்றுத் தராசும்

திருப்பதி மாவட்டத்துப் பிச்சாட்டூருக்கு வடமேற்கே சேஷாசல மலைத்தொடர் அமைந்துள்ளது. செம்மரம் என்றும் செஞ்சந்தனம் என்றும் வழங்கப்பெறும் மரம், இம்மலைகளை உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதியிலேயே இயற்கையாக வளர்வதாகும். நீரில் அமிழுமளவு கனமான இதன் வைரக்கட்டை, சாயத்துக்கும் நாட்டு மருந்துகளுக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. திருட்டு வெட்டும் கடத்தலும் இம்மரத்துக்குப் பெருங்கேடாக உள்ளன. அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் குறித்த சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் இது 1995-ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டது.

நின்ற மரத்தை இலையும் காயும் கொண்டு அறியலாம். அறுத்த துண்டாகவோ தூளாகவோ ஆனபின் அது இன்ன மரமென்று துணிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடைகாண உதவும் கருவிகளுள் ஒன்று நிறை நிறமாலைமானி.

கருவியின் தத்துவம்

பெயர் கடினமாயினும் இது ஒருவகைத் தராசே. மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் அளித்து, வெற்றிடத்தில் காந்தப் புலத்தினூடே செலுத்தினால், எடை குறைந்தவை மிகுதியாகவும் எடை மிகுந்தவை குறைவாகவும் வளைகின்றன. வளைவின் அளவிலிருந்து எடை கணிக்கப்படுகிறது. கேம்பிரிட்ஜில் 1919-இல் இத்தகைய கருவியை அமைத்த ஆஸ்டன், 1922-இல் நோபல் பரிசு பெற்றார். காந்தமின்றி, மூலக்கூறுகள் ஒரு குழாயைக் கடக்கும் நேரத்தை அளந்து எடையறியும் கருவிகளும் இன்று உள்ளன.

செஞ்சந்தனத்தின் செந்நிறத்துக்குக் காரணமான சாண்டலின் ‘ஏ’ என்பதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 582. சாண்டலின் ‘பி’ என்பதன் எடை 596. வேறுபாடு 14. ஓர் ஹைட்ரஜன் அணு (1) நீங்கி, அவ்விடத்தில் ஒரு மெதில் தொகுதி (15) அமர்ந்தமையே இதற்குக் காரணம். இம்மரத்திலுள்ள டெரோஸ்டில்பீன் என்ற பொருளின் எடை 256. திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெராட்ராலின் எடை 228. இங்கு வேறுபாடு 28; அதாவது இரண்டு மெதில் தொகுதிகள். உயர் வகுப்பு மாணவர்க்கு ஆசிரியர்கள் இக்கணக்கைக் கரும்பலகையிலேயே விளக்கலாம்.

மரத்துணுக்கைச் சூடான வாயுத் தாரையில் பிடித்து, சில வினாடிகளிலேயே அதன் நிறமாலையைப் பெறும் முறை 2005-இல் வெளியாயிற்று. இவ்வகை முறையால், செஞ்சந்தனத்தையும் அதனையொத்த ஆப்பிரிக்க மரமொன்றையும் சீன விஞ்ஞானிகள் வேறுபடுத்தியுள்ளனர். கடத்தல் வழக்குகளை ஆராய்வோர்க்கு இஃது பெருந்துணையாகும்.

கருவியின் எல்லை

எடை ஒன்றாயிருந்தும் அமைப்பில் வேறுபடும் பொருள்கள் பல உண்டு. ஆதலின் முதலில் பொருள்களைத் தனித்தனியே பிரித்தலும், பிறமுறைகளால் உறுதிசெய்தலும் வேண்டும். மேலும், ஒரு பொருள் இருப்பதைக் கருவி காட்டுமேயன்றி, அது நோய் தீர்க்கும் என்று கூறாது. டெரோஸ்டில்பீன் ஆய்வுக்கூடச் சோதனைகளில் சில நற்பயன்களைக் காட்டியிருப்பினும், மனிதர்க்கு மருந்தாகுமா என்பதைத் தனிப் பரிசோதனைகளே முடிவுசெய்ய வேண்டும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. ஐயத்துக்குரிய கட்டையின் நிறமாலையை, ஐயமற அறியப்பட்ட கட்டையின் நிறமாலையோடு ஒப்பிட்டே முடிவு கூறப்படுகிறது. அவ்வொப்பீட்டு மாதிரியிலேயே பெயர் பிழைபட்டிருந்தால், எத்துணை நுண்ணிய கருவியும் பிழையையே உரைக்கும். எனவே, உரிய அனுமதியுடன் மாதிரி சேகரிப்போர், இடம், நாள், மரத்தின் வயது தெரிந்தால் அதுவும், எடுத்த பகுதி வைரமா வெளிறா என்பதும் அன்றே குறித்தல் வேண்டும். செந்நிறப் பொருள்கள் வைரத்திலேயே செறிந்திருப்பதால் கடைசிக் குறிப்பு இன்றியமையாதது. இலையும் காயும் உலர்த்திப் பதப்படுத்தி உடன் அனுப்புதல் நலம். ஆய்வுக்கூடத்தில் பெறப்படும் முடிவின் நம்பகம், மலையடிவாரத்தில் எழுதப்படும் சீட்டிலிருந்தே தொடங்குகிறது.