அங்குசம் வாங்க மறக்கலாமா?

மண்டபத்துக்கு அருகே உள்ள ஒரு கடற்கரைச் சிற்றூருக்குச் சென்ற ஆண்டு செல்ல நேர்ந்தது. கல்லூரியில் என்னிடம் பொருளாதாரம் பயின்ற மாணவி ஒருவர் அங்கே மகளிர் குழுக்களுடன் பணியாற்றுகிறார். கருவாடு தயாரிக்கும் ஒரு குழுவின் கணக்கேட்டைப் பார்த்துத் தர வேண்டும் என்பது அவரது வேண்டுகோள். கணக்கேட்டைப் புரட்டும் முன்பே, கொட்டகையின் மூலையில் பழைய சேலை போர்த்தி வைக்கப்பட்டிருந்த ஓர் எந்திரம் என் கண்ணில் பட்டது.

அது, காற்றை உறிஞ்சி எடுத்துப் பையை மூடும் வேக்குவம் பேக்கிங் எந்திரம். மானியத்தில் வந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. "மோட்டார் ஓடுது ஐயா, ஆனா காத்தை இழுக்க மாட்டேங்குது" என்றார் குழுவின் தலைவி. பம்ப்பின் பக்கவாட்டில், எண்ணெய் மட்டம் பார்ப்பதற்கான சிறு கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தோம். தெளிந்த தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய், பால் ஊற்றிய தேநீர்போல் கலங்கியிருந்தது. எந்திரம் வந்த நாளிலிருந்து எண்ணெய் மாற்றப்படவில்லை. மாற்ற வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவும் இல்லை.

இது ஒரு சிறிய பழுதுதானே என்று தோன்றலாம். கணக்கேடு வேறு கதை சொன்னது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. பச்சை மீன் வரத்துக் குறையும் அந்த நாள்களில் கருவாட்டைத் தேடுவோர் அதிகம். எந்திரம் ஓடிய முதல் ஆண்டில், மாசி, பங்குனியில் உலர்த்திய நெத்திலியைப் பைகளில் அடைத்துவைத்துத் தடைக்காலத்தில் நல்ல விலைக்கு விற்றிருக்கிறார்கள். எந்திரம் நின்ற ஆண்டில் உலர்ந்த சில நாள்களிலேயே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். கடற்கரைக் காற்றின் ஈரத்தைக் கருவாடு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்; பூஞ்சை பிடிக்கும்; காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு அதிலுள்ள கொழுப்பு காறிப்போகும். ஆகவே, காத்திருக்க முடியவில்லை.

சந்தையில் பேரம் பேசும் வலிமை என்பது பெரும்பாலும் காத்திருக்கும் வலிமைதான். அந்தப் பெண்களுக்கு அந்த வலிமையைத் தந்தது ஒரு பம்ப். அதைப் பறித்தது, மாற்றப்படாத அரை லிட்டருக்கும் குறைவான எண்ணெய்.

அந்தப் பம்ப் இயங்கும் விதம் எளிமையானது. சுழல் தகடு பம்ப் என்று அதைச் சொல்லலாம். இதன் முன்னோடி வடிவத்தை இத்தாலியப் பொறியாளர் அகோஸ்தினோ ரமெல்லி 1588-இல் வெளியிட்ட நூலிலேயே வரைந்து காட்டியிருக்கிறார். ஓர் உருளைக் கூட்டுக்குள், மையத்திலிருந்து சற்று விலகிய நிலையில் ஒரு சுழலி இருக்கும். அதன் பள்ளங்களில் தகடுகள் செருகப்பட்டிருக்கும். சுழலும் வேகத்தில் தகடுகள் வெளியே தள்ளப்பட்டுக் கூட்டின் சுவரை உரசிக்கொண்டே செல்லும். சுழலி விலகி இருப்பதால் ஒரு புறம் பிறைவடிவ இடைவெளி உண்டாகிறது. அங்கே காற்று உள்ளே வருகிறது. இடம் குறுகக் குறுக அழுத்தப்படுகிறது. பின்னர் வால்வைத் திறந்துகொண்டு வெளியேறுகிறது.

இதில் எண்ணெய்க்கு மூன்று வேலைகள். தகட்டுக்கும் சுவருக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியை அடைக்கிறது, உராய்வைக் குறைக்கிறது, வெப்பத்தைக் கடத்துகிறது. எண்ணெய் கெட்டால் மூன்றும் ஒருசேரக் கெடும்.

எண்ணெயைக் கெடுப்பது எது? பெரும்பாலும் நீர். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,013 மில்லிபார். அழுத்தம் சுமார் 42 மில்லிபாருக்கு இறங்கினால், 30 டிகிரி வெப்பத்திலேயே நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். பேக்கிங் எந்திரமோ அதற்கும் கீழே, சில மில்லிபார் வரை இறங்குகிறது. எனவே, கருவாட்டில் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகிப் பம்ப்புக்குள் போகிறது. அங்கே அழுத்தப்படும்போது மீண்டும் நீராகி எண்ணெயில் கலந்துவிடுகிறது. உப்புக்காற்று வீசும் ஊரில் இந்த ஈரம் துருவை விரைவுபடுத்தும். தகடுகள் பள்ளங்களில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மோட்டார் ஓடும். காற்று மட்டும் இழுபடாது.

இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். ஜெர்மானிய இயற்பியலாளர் வுல்ஃப்காங் கேடே 1935-இல் வகுத்த முறை அது. அழுத்தும் நிலையில் சிறிதளவு வெளிக்காற்றை உள்ளே விட்டால், ஆவி நீராக மாறும் முன்பே வால்வு திறந்து அதை வெளியேற்றிவிடும். இதற்கான சிறு திருகு, 'கேஸ் பாலஸ்ட்' என்ற பெயரில் பல பம்ப்புகளில் இருக்கிறது. நான் பார்த்த பம்ப்பிலும் இருந்தது. அது எதற்கு என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. கையேடு ஆங்கிலத்தில் இருந்தது; அதுவும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

பராமரிப்பு கடினமானதன்று. வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் கால் மணி நேரமாவது அந்தத் திருகைத் திறந்துவைத்துப் பம்ப்பைச் சூடாக ஓடவிட வேண்டும். எந்திரத்தை நிறுத்திவிட்டு எண்ணெயின் மட்டத்தையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். பால் நிறம் என்றால் நீர் சேர்ந்திருக்கிறது. கறுத்திருந்தால் எண்ணெய் முதிர்ந்துவிட்டது. கையேடு குறிப்பிடும் மணிக்கணக்கு முடியாவிட்டாலும், நிறம் மாறினால் எண்ணெயை மாற்றிவிட வேண்டும். பம்ப் சூடாக இருக்கும்போதே, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு வடித்தால் கசடும் சேர்ந்து வெளியேறும். வண்டிக்கு ஊற்றும் எண்ணெய் இதற்கு ஆகாது. அதிலுள்ள சலவைப் பொருள்கள் நீரைப் பிரியவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். உள்வாய் வடிகட்டியில் படியும் உப்பையும் மீன் தூளையும் நீக்குவதும், வெளிப்போக்கு வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதும் அவசியம்.

இந்தக் கரைக்கென்று ஒரு தனி விதியும் உண்டு. தடைக்காலத்தில் எந்திரத்துக்கு வேலை குறைவு. நீர் கலந்த எண்ணெயோடு இரண்டு மாதங்கள் சும்மா நின்றால் உள்ளே துரு ஏறும். ஆகவே, தடை தொடங்கும் முன் பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு மூடிவைக்க வேண்டும்.

மீனை நன்றாக உலர்த்துவது இவை அனைத்துக்கும் முந்தியது. ஈரம் மிகுந்த மீனைக் காற்றில்லாத பையில் அடைத்தால், ஆக்சிஜன் தேவைப்படாத நச்சுக் கிருமிகள் வளர வாய்ப்புண்டு. வெற்றிடம் உலர்த்தலுக்கு மாற்றாகாது. நன்கு உலர்ந்த கருவாடு உண்பவரின் வயிற்றுக்கும் நல்லது, பம்ப்புக்கும் நல்லது.

இனி, பொருளாதாரத்துக்கு வருகிறேன். அதே கரையில் ஒரு படகின் எஞ்சின் பழுதானால் எவரும் மாதக்கணக்கில் காத்திருப்பதில்லை. மெக்கானிக் அருகிலேயே இருக்கிறார். ஏனெனில், அவருக்குச் சோறு போடும் அளவுக்கு அங்கே எஞ்சின்கள் இருக்கின்றன. பழுதுபார்ப்பும் ஒரு சந்தைதான். ஊருக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும் பம்ப்புகளை நம்பி எந்த மெக்கானிக்கும் கடை விரிக்க மாட்டார். எந்திரங்களை மானியத்தில் வழங்கும்போது நாம் கணக்கில் கொள்ளாதது இதைத்தான்.

அந்தக் குழுவின் பம்ப்பை இறுதியில் சரிசெய்தவர், ராமநாதபுரத்தைச் சேர்ந்த ஓர் ஏ.சி. மெக்கானிக். குளிர்பதனக் குழாய்களில் வாயு நிரப்பும் முன் அவற்றிலுள்ள காற்றையும் ஈரத்தையும் அகற்ற, அவர் நாள்தோறும் தூக்கிச் செல்வதும் ஒரு சிறிய சுழல் தகடு பம்ப்தான்! திறந்து பார்த்த சிறிது நேரத்திலேயே பழுதைச் சொல்லிவிட்டார். விளிம்பு உடைந்திருந்த தகடுகளுக்கு மாற்று வெளியூரிலிருந்து வந்து சேர வாரங்கள் ஆயின. அதற்குள் அந்தப் பருவத்துச் சரக்கு கைமாறிவிட்டது. தேவையான திறன் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருந்தும், அதை அவர்களோடு இணைத்துவைக்க ஆளில்லை.

எந்திரம் வாங்குவது மூலதனச் செலவு. திறப்பு விழா உண்டு, புகைப்படம் உண்டு. எண்ணெய் மாற்றுவது நடைமுறைச் செலவு. அதற்கு விழா ஏது? யானை வாங்கியவர் அங்குசத்துக்குத் தயங்கிய கதை இது. அரசுத் திட்டமாயினும், வங்கிக் கடனாயினும், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியாயினும், எந்திரத்தின் விலையோடு முதல் மூன்றாண்டுப் பராமரிப்பையும் சேர்த்தே ஒப்புதல் தர வேண்டும். தமிழில் ஒரு பக்கப் பராமரிப்புக் குறிப்பு எந்திரத்தின் மீதே ஒட்டப்பட வேண்டும். பக்கத்து ஊர்க் குழுக்கள் ஒன்றுசேர்ந்து ஒரு மெக்கானிக்குடன் ஆண்டு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். தகடு, வடிகட்டி, எண்ணெய் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைக்கலாம். குழுவின் கணக்கேட்டில் தேய்மானத்துக்கென ஒரு பத்தி வேண்டும். விற்கும் ஒவ்வொரு பையிலும் ஒரு சிறு தொகை அதில் சேர வேண்டும். அன்று அவர்களின் ஏட்டில் நான் கோடு போட்டுக் கொடுத்தது அந்த ஒரு பத்தியைத்தான்.

1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம், 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்படும் வரை, நூறாண்டுகளுக்கும் மேலாக இந்த உப்புக்காற்றில்தான் நின்று உழைத்தது. கட்டியவர்களின் பெருமையை நாம் அறிவோம். துருவைச் சுரண்டி வண்ணம் பூசியவர்களும், மூட்டுகளுக்கு எண்ணெய் இட்டவர்களும் அந்த நூறாண்டுகளில் பங்குடையவர்களே. பாலத்துக்குப் பொருந்திய அந்த நியதி, கொட்டகை மூலையில் நிற்கும் ஒரு சிறு பம்ப்புக்கும் பொருந்தும்!